வட்டம் சுற்றும் பன்னிரண்டு வினாடி

விஜயகுமாரிக்கு முனிரத்தினத்தின் மேல் சந்தேகம் வந்ததே சட்டைப் பொத்தானில்தான்.

அவர் மேல்விஷாரத்தில் ஒரு தோல் பதனிடும் கம்பெனியில் சூப்பர்வைசர். இவள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் தரம் பார்ப்பவள். வாரத்துக்கு இரண்டு தடவை முன்னறிவிப்பு இல்லாமல் வீடியோ காலில் கூப்பிடுவாள். அவர் மேசைமேல் அடுக்கிய ஆட்டுத்தோலை ஒவ்வொன்றாய்ப் புரட்டிக் காட்டுவார். இவள் சரி என்றால் லாரி கிளம்பும். வேண்டாம் என்றால் அந்த லாட் மொத்தமும் அங்கேயே கிடக்கும்.

இதில் ஒரு கூத்து. மணி அடிக்கும், அந்தப் பக்கம் எடுப்பார்கள், உடனே முகம் வருமா என்றால் வராது. திரையில் வட்டம் மட்டும் சுற்றும். பன்னிரண்டு வினாடி! இவள் எண்ணியே வைத்திருந்தாள். பிறகு முனிரத்தினம் தெரிவார். மூச்சு வாங்கும், நெற்றியில் வேர்வை ஊற்றும், சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றி ஒன்று ஏறியிருக்கும். ஐம்பது வயது ஆள் பன்னிரண்டு வினாடிக்குள் எங்கே ஓடிவிட்டு வருகிறார்? எங்கே ஓடுவார், நல்ல தோலைத் தூக்கி மேலே போட்டுக் கழிசலை அடியில் தள்ளத்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

சூடு கண்ட பூனை அவள். போன வருஷம் ராணிப்பேட்டைக்காரன் ஒருத்தன் இதே வீடியோவில் பளபளவென்று காட்டிவிட்டு, அனுப்பியதெல்லாம் உண்ணி கடித்துப் புள்ளி விழுந்த தோல். மேனேஜர் மெமோ கொடுத்தார். இன்னொரு லாட் இப்படி வந்தால் பழையபடி பசை ஒட்டுகிற லைனுக்குப் போக வேண்டியதுதான் என்றார். அந்த லைனிலிருந்து இந்த நாற்காலிக்கு வர அவளுக்குப் பதினாறு வருஷம் பிடித்திருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்கு வட்டம் சுற்றுவதெல்லாம் திருட்டு.

கம்பெனியின் போன் ஆப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆல்வினைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏம்ப்பா, அந்த வட்டம் சுத்துறத நிறுத்த முடியுமா முடியாதா?"

"முடியும்க்கா. இப்போ இன்னா ஆவுதுன்னா, அவங்க எடுத்த பின்னாடிதான் ரெண்டு போனும் பேசி முடிவு பண்ணுது. எந்தப் படம், எந்த வழி, எவ்ளோ ஸ்பீடுன்னு. அதான் லேட்டு. அந்தப் பேச்ச மணி அடிக்கும்போதே முடிச்சிடலாம். ஏன், எடுக்கறதுக்கு முன்னாடியே லைன தெறந்து வெச்சிடலாம். அவங்க மேசையாண்ட நிக்கிற டேப்லெட்டும் நம்ம கம்பெனி குடுத்ததுதானே?"

"அதச் செய்யி மொதல்ல."

"ஆனா ஒண்ணுக்கா. அங்க நடக்கறது இங்க ஒடனே தெரியிற மாதிரி, இங்க பேசறதும் ஒடனே அங்க போய்டும். பாத்துப் பேசுங்க."

கடைசி வாக்கியத்தை அவள் காதில் வாங்கவே இல்லை. நேரே மேனேஜரிடம் போனாள். "சார், இந்த வாரம் அந்த ஆள கையும் களவுமா புடிக்கிறேன். புடிச்சா அந்தக் கம்பெனி ஆர்டர கேன்சல் பண்ணிடலாம்" என்றாள். மேனேஜரும் தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணி. சாட்சிக்கு ஆல்வினைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அழைத்தாள். முதல் மணி முடியவில்லை, படம் வந்துவிட்டது! மேசை தெரிந்தது, மேலே தோல் அடுக்கு தெரிந்தது, ஆளைக் காணோம். அடுத்த நொடி பக்கவாட்டிலிருந்து முனிரத்தினம் ஓடிவந்தார். வெற்றுடம்பு, மடித்துக் கட்டிய லுங்கி, தலைமுதல் கால்வரை ஈரம்.

"மாட்டுனியா! திருட்டுப் பய, இன்னா ஓட்டம் ஓட்றான் பாரு ஆல்வின்!"

ஆனால் அவர் மேசைப் பக்கமே வரவில்லை. சுவருக்கு ஓடினார். ஆணியில் தொங்கிய கோடு போட்ட சட்டையை இழுத்து ஒரு கையை நுழைத்தார். அப்போதுதான் அவள் குரல் அங்கே போய் விழுந்திருக்க வேண்டும். அப்படியே நின்றுவிட்டார். மெல்லத் திரும்பி டேப்லெட்டைப் பார்த்தார். மீதிச் சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"மேடம்… லைன்ல வந்துட்டீங்களா?"

விஜயகுமாரி சட்டென்று கண்ணைத் திரையிலிருந்து விலக்கிக்கொண்டாள்.

"தோல போட்டு சுத்துற ட்ரம்மாண்ட நிக்கிற வேல மேடம். வெந்நீரும் கெமிக்கலும் மேல தெறிக்கும், சட்ட நிக்காது. பொம்பளைங்க முன்னாடி வெத்து ஒடம்போட எப்டி நிக்கறது? மணி அடிச்சு அந்த வட்டம் சுத்தி முடியிறதுக்குள்ள சட்டைய மாட்டிக்குவேன். இன்னிக்கு அது சுத்தல."

சொல்லிவிட்டுத் திரும்பி நின்று, பொத்தான்களை ஒவ்வொன்றாய்ப் போட்டார். இந்தத் தடவை ஒன்றுகூட மாறவில்லை. பிறகு மேசைக்கு வந்து தோலைப் புரட்டத் தொடங்கினார். மேலே இருந்ததும் அடியில் இருந்ததும் ஒரே தரம். ஓரமாய் நாலு தோல் தனியே கிடந்தன.

"அதெல்லாம் உண்ணி கடிச்சது. லாட்ல சேக்கல" என்றார். அடுத்த தோலைப் புரட்டியபடி, "திருட்டுப் பய காட்ற தோலு மேடம். ஒரு தரம் நல்லா பாத்துக்கோங்க" என்றார்.

ஆல்வின் குனிந்து தரையைப் பார்த்தான். அவள் மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயெடுத்தாள். "லாட் ஓகே" என்றுதான் வந்தது. மேனேஜரிடம் போய், அந்த ஆள்மேல் தப்பே இல்லை சார், என் புத்திதான் கோணல் என்று சொன்னாள்.

திரும்பி வந்து ஆல்வினிடம், "அந்தப் பன்னெண்டு செகண்ட திருப்பிப் போட்டுடுப்பா" என்றாள்.

"அக்கா! கண்ணு முழிச்சு கம்மி பண்ணது அது."

"இருக்கட்டும். ஒரு மனுஷன் சட்ட போட்டுக்கட்டும்."

வெள்ளிக்கிழமை தனியாக உட்கார்ந்து அழைத்தாள். வட்டம் சுற்றியது. இன்றைக்கு எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடியே எண்ணினாள். பன்னிரண்டாவது வினாடி படம் வந்தது. இஸ்திரி போட்ட சட்டையில், பார்த்திராத ஆள் ஒருவர் நின்றார்.

"முனிரத்தினம் இல்லீங்களா?"

"இருக்காரு மேடம். ட்ரம்மாண்ட. இனிமே போன்ல நா நிக்க மாட்டேன்னுட்டாரு. மொதலாளி எவ்ளோ சொல்லியும் கேக்கல. தோல காட்டட்டுங்களா?"

"காட்டுங்க" என்றாள். அவர் புரட்டத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் ஆணியில் அந்தக் கோடு போட்ட சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.