காற்று எவ்வளவு?

ஓட்டுநர் கதவில் ஒட்டியிருந்த பழைய தாளில் அறுபத்தைந்து என்று இருந்தது. டயரிலேயோ எண்பது என்று அச்சாகியிருந்தது. காற்று எவ்வளவு வைப்பது என்று பிடிபடாமல், டீச்சர், கட்டிலும் அடுப்புமாக வீடு போலிருந்த அந்த வண்டியை டயர் கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

உள்ளே கட்டிலில் அவர் கணவர் மல்லாந்து கிடந்தார். முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவரால் உட்கார முடியாது. ஊர் ஊராகச் சுற்றலாம் என்று ஆசை ஆசையாக வாங்கிய வண்டி, வாசலிலேயே நின்று கிழடு தட்டிப் போயிருந்தது. இப்போது அவரை வளர்த்து ஆளாக்கிய அக்காவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. படுத்தபடியே அவரைப் போய்ப் பார்க்க இதை விட்டால் வேறு வழியில்லை.

"எண்பதே வைக்கச் சொல்லு. கல்லு மாதிரி நிக்கும்," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"அது டயர் தாங்குற உச்சம் சார்," என்றார் கடைக்காரர். "கதவுல இருக்கிறது வண்டி புதுசா வந்தப்போ இருந்த எடைக்கு. நீங்க உள்ள என்னென்ன ஏத்தியிருக்கீங்களோ! எடை போட்டுப் பாத்துதான் காத்து வைக்கணும்."

பக்கத்து எடை மேடையில் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றிப் பார்த்தார்கள். பின்பக்கம் இடது சக்கரத்தில் பாரம் தாறுமாறாக இருந்தது. கட்டில், பேட்டரி, தண்ணீர்த் தொட்டி எல்லாமே அந்தப் பக்கம்தான். டீச்சர் தொட்டியைக் காலி செய்தார். அடுப்பையும் அலமாரியையும் கழற்றிக் கடை ஓரமாக வைத்தார். மறுபடி எடை போட்டபோது, பின்னால் இரண்டு பக்கமும் எழுபத்திரண்டு போதும் என்று வந்தது. டீச்சருக்கு உயிர் வந்தது.

காற்றுக் குழாயோடு குனிந்த கடைக்காரர் அப்படியே நின்றுவிட்டார். பின் டயரின் பக்கவாட்டு வெடிப்பில் அவர் நகம் உள்ளே போயிற்று.

"அம்மா, ரப்பர் செத்துப்போச்சு. கொறச்சு வச்சா சூடேறிக் கிழியும், ஏத்தி வச்சா வெடிக்கும். இந்த சைஸ் வந்து சேர ஒரு வாரமாவது ஆகும்."

"அதுவரைக்கும் அவங்க இருக்க மாட்டாங்க. நீங்க வைங்க."

கடைக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே காற்றை வைத்துக் கொடுத்தார்.

ஊரைத் தாண்டிப் பாலத்தை நெருங்கும்போது பின்னால் படாரென்றது. ஸ்டியரிங் கையை மீறி இழுத்தது. பிரேக்கை மிதிக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு ஓரம் கட்டினார். எழுந்து பின்னால் ஓடினார்.

"அடி பட்டுச்சாங்க?"

"இல்ல. போன் போட்டு அக்கா காதுல வைக்கச் சொல்லு."

டீச்சர் போன் போட்டுக் கொடுக்க, அக்கா மகள்தான் எடுத்தாள். "மாமா, அம்மாவுக்கு இப்ப எதுவும் காதுல விழல."

"பரவாயில்ல, வை."

டீச்சர் இறங்கி, கிழிந்து தொங்கிய டயர் பக்கத்தில் போய் நின்றார்.

"வந்துட்டே இருக்கேன்க்கா," என்று அவர் சொல்வது வெளியே கேட்டது. "பக்கத்துல வந்துட்டேன்."