இடது ஓரத்தில் நான்கு விரல்கள்

ஒரு பெண்மணியின் மூக்கின்மேல் சின்ன அளவுகோலை வைத்து, இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணாடிக்கடைக்காரருக்குப் போன் வந்தது. திரையில் 'சங்கு அண்ணன்' என்று ஒளிர்ந்ததைப் பார்த்ததும் அளவுகோல் கையிலிருந்து நழுவி அந்தப் பெண்மணியின் மடியில் விழுந்தது. சங்கு இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு மன்னிப்பை முணுமுணுத்துவிட்டு, பிரேம்கள் அடுக்கிய கண்ணாடி அலமாரியின் பக்கம் ஒதுங்கிப் போனை எடுத்தார்.

"தம்பி, கடையில கூட்டமா?" சங்கின் மனைவி.

"இல்ல அண்ணி, சொல்லுங்க."

"பெரிசா ஒண்ணுமில்ல. அவர் படம் ஒண்ணு வேணும், சுவத்துல மாட்ட. அடையாள அட்டையில இருக்கறதைப் பெருசாக்கிக் கொடுத்தாங்க. பாத்தா, எதையோ திருடிட்டு மாட்டிக்கிட்ட மாதிரி முழிக்கிறாரு. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின எனக்கே யாரோன்னு இருக்கு. சிரிச்சாப்பல ஒண்ணு கொடுங்க. உங்ககிட்ட இல்லாமலா போகும்?"

"எவ்வளவோ இருக்கு அண்ணி. ஞாயித்துக்கிழமை நானே கொண்டுட்டு வரேன்."

யோசிக்காமல்தான் சொன்னார். கடையில் யார் எதைக் கேட்டாலும் 'இருக்கு' என்று சொல்லிப் பழகிய வாய். ஆனால் பொய் சொல்கிறோம் என்ற எண்ணமும் அவருக்கு அப்போது இல்லை. எத்தனை வருட ஞாயிற்றுக்கிழமைகள், எத்தனை ஆயிரம் படங்கள். அவற்றுள் ஒரு மனிதரின் சிரிப்பு கிடைக்காமலா போய்விடும்?

ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், பாலம் கட்ட முடியாத அகலத்தில், இக்கரைக்கும் அக்கரைக்கும் கார்களை ஏற்றிப்போகும் குட்டி ஃபெர்ரிகள் ஓடிக்கொண்டிருந்தன. மிஞ்சிப்போனால் எட்டு கார் பிடிக்கும். வரிசையில் நிற்பவர்கள் வெயிலைத் திட்டுவார்கள், படகைத் திட்டுவார்கள், முன்னால் நிற்கும் காரைத் திட்டுவார்கள். அந்தத் துறைக்குப் படகைப் பார்ப்பதற்காக மட்டுமே வந்தவர்கள் கண்ணாடிக்கடைக்காரரும் சங்குவும்தான். இருவரும் சந்தித்த முதல் நாள், துறையின் கைப்பிடிக் கம்பியருகே தொப்பி போட்ட ஒருவர் இரண்டு உள்ளங்கைகளையும் வாயில் குவித்துப் படகின் சங்கை அச்சு அசலாக ஊதிக்கொண்டிருந்தார். நடு ஆற்றிலிருந்து படகு பதிலுக்கு ஊதியது. "பாத்தீங்களா, ஏமாந்துட்டா" என்று திரும்பி இவரைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கே பெயர் சங்கு ஆகிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். "வாழ்க்கை பூரா மேலயும் கீழயும் போய்ட்டு வந்தவன்யா நான். இது ஒண்ணுதான் குறுக்கால போகுது. பாக்கவே ஆறுதலா இருக்கு" என்பார்.

மூன்று படகுகளுக்கும் அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். குட்டையானவள் குள்ளச்சி. ஒரே பட்டறையில் ஒரே அச்சில் வார்த்த மற்ற இரண்டும் பெரியக்கா, சின்னக்கா. அக்கா இருவரையும் வெளியாட்களால் பிரித்துச் சொல்லவே முடியாது. முன் எது பின் எது என்றே தெரியாத படகுகள் அவை. இரண்டு பக்கமும் இரும்புப் பலகை, இரண்டு பக்கமும் ஒரே முகம். கண்ணாடிக்கடைக்காரர் சின்னக்காவின் கம்பியில் விழுந்திருந்த ஒரு நெளிவை வைத்துக் கண்டுபிடிப்பார். சங்குக்குக் கண்ணே தேவையில்லை. இமையை மூடிக்கொண்டு, எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டு, "சின்னக்கா. இளைக்கிறா பாரு" என்பார். நாற்பதைத் தாண்டிய ஒருவரும் அறுபதைத் தாண்டிய ஒருவரும் இப்படிப் பேசிக்கொண்டு நிற்பதை வீட்டில் சொன்னால் யார் நம்புவார்கள்? "வேற யாரோ பொம்பளை இருந்தாக்கூட மனசு ஆறும், போயும் போயும் இரும்புப் படகு" என்று கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி ஒருமுறை சொன்னாள்.

அவர்களுடைய ஒரே சண்டை, படத்தில் ஆள் இருக்கலாமா என்பதுதான். பல ஊர் ஃபெர்ரிப் பிரியர்கள் சேர்ந்த ஒரு போன் குழு இருந்தது. அங்கே 'சுத்தமான படம்' என்றால் அதில் படகு மட்டும்தான் இருக்க வேண்டும். பயணி, ஊழியர், கைப்பை, குழந்தை எதுவும் கூடாது. கண்ணாடிக்கடைக்காரர் அதில் வெறி பிடித்தவர். பலகை இறங்கி, கடைசிக் காரும் வெளியேறி, அடுத்த கார் ஏறுவதற்குள் தளம் வெறுமையாகும் அந்த ஒரு மூச்சு நேரத்துக்காகக் காத்திருப்பார். சங்குக்கு அது பிடிபடவே இல்லை. "ஆள் இல்லாம எடுத்தா இது கப்பலா தோணியான்னு யாருக்கு விளங்கும்? பக்கத்துல ஒரு மனுஷன் நின்னாத்தான் எவ்வளவு குட்டின்னு தெரியும். குட்டியா இருக்கறதுதானேய்யா இவளோட அழகே?"

ஒருநாள் சங்கு தன் படம் ஒன்றைக் குழுவில் போட்டார். பெரியக்காவின் பலகையருகே கண்ணாடிக்கடைக்காரர், கேமராவும் கையுமாக, சுண்டுவிரல் அளவில். கண்ணாடிக்கடைக்காரர் அதன் கீழே எழுதினார்: 'இது ஃபெர்ரி படமா, கல்யாண ஆல்பமா?' விழுந்து விழுந்து சிரிக்கும் முகங்கள் குவிந்தன. சங்கும் ஒரு சிரிப்பு முகம் போட்டார். அதற்குப் பிறகு அவர் குழுவில் படமே போடவில்லை. ஏன் அண்ணே என்று கேட்டதற்கு, "நான் எடுக்கறது எனக்குப் போதும்யா" என்றார். அன்றைக்கு அது அடக்கம் போலத்தான் தெரிந்தது.

கடையை அடைத்துவிட்டு, கண் பரிசோதிக்கும் சின்ன அறையில் கணினியைத் திறந்து அவர் தேட ஆரம்பித்தார். குள்ளச்சி மழையில். பெரியக்கா பனிமூட்டத்தில். சின்னக்கா, சின்னக்கா, சின்னக்கா. புகைக்குழாய், கயிறு, நங்கூரம், துருவின் வழிசல். வருடங்கள் ஓடின, ஒரு மனித ஜீவன் இல்லை. உலகத்தில் எல்லோரும் எங்கேயோ போய்விட்ட பிறகும் படகுகள் தாமாகவே போய்வந்துகொண்டிருப்பதைப் போல இருந்தது. இதைத்தானே இத்தனை நாள் அழகு என்று நினைத்தோம் என்று தோன்றியபோது, அந்தச் சின்ன அறையில் ஏனோ குளிர்ந்தது.

சங்கு படச் சட்டத்துக்குள் வராமல் இல்லை. அவரால் ஓரிடத்தில் நிற்க முடியாது. படகு கரையைத் தொடும் நேரத்தில் குழந்தைபோல முன்னால் ஓடிவிடுவார். தொப்பி, முழங்கை, முதுகு என்று ஏதாவது ஒன்று எப்போதும் ஓரத்தில் வந்துவிழும். "தள்ளுங்கண்ணே, மறைக்குது" என்று இவர் கத்துவார். "சரிய்யா, சரிய்யா" என்று அவர் ஒதுங்குவார். அப்படியும் விழுந்துவிட்டதை இரவில் உட்கார்ந்து இவர் வெட்டுவார். வெட்டியதைச் சேமித்துவிட்டு, இடத்தை அடைக்கிறது என்று முழுப்படத்தை அழித்துவிடுவார். எத்தனை தடவை அந்த மனிதரை இந்த விரலால் வெட்டித் தள்ளியிருக்கிறோம் என்று இப்போது கணக்குப் பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு படம் மட்டும் நன்றாக நினைவிலிருந்தது. சின்னக்கா பழுதுபார்க்கப் போய், புது வர்ணம் பூசிக்கொண்டு திரும்பி வந்த நாள். சங்கு ஓடினார். பாதி தூரத்தில் திரும்பி, இரண்டு கைகளையும் அகல விரித்து, "வந்துட்டாய்யா" என்று முகமெல்லாம் சிரித்தார். அந்த நொடியில் இவர் விரல் பட்டனை அழுத்திவிட்டது. அண்ணி கேட்ட படம் அதுதான். அது இருந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க இந்தக் கணினியிலேயே இருந்தது.

தேடி எடுத்துத் திறந்தார். வெள்ளையும் நீலமுமாகச் சின்னக்கா, தண்ணீரில் தன் நிறத்தையே பார்த்துக்கொண்டு. சுத்தமான படம். வெட்டும்போது படகின் முனை போய்விடக்கூடாதே என்று கொஞ்சம் தாராளமாக விட்டிருந்தார். அதனால் இடது ஓரத்தில் என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் குழுவில் ஒருவர், 'இடது பக்கம் ஏதோ பிசிறு இருக்கிறதே' என்று எழுதியதும், 'கவனிக்காமல் விட்டுவிட்டேன்' என்று இவர் வருத்தம் தெரிவித்ததும் ஞாபகம் வந்தன. பெரிதாக்கிப் பார்த்தார். பிசிறு இல்லை. நான்கு விரல்கள்.

ஞாயிற்றுக்கிழமை அதை அச்செடுத்து ஒரு காகித உறையில் வைத்துக்கொண்டு போனார். படி ஏறும்போதுகூட ஒரு பொய்யைத் தயார்செய்துகொண்டுதான் ஏறினார். கணினி கெட்டுப்போய்விட்டது, எல்லாம் அழிந்துவிட்டது. வாடிக்கையாளருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது என்பதைச் சொல்லும்போது வைத்துக்கொள்ளும் முகத்தையும் தயாராக வைத்துக்கொண்டார். அண்ணி கதவைத் திறந்தார். கூடத்துச் சுவரில் ஆணி ஏற்கெனவே அடித்தாயிற்று. அதன் கீழே காலி நாற்காலி ஒன்று, ஏறி மாட்டுவதற்குத் தோதாகப் போடப்பட்டிருந்தது.

"உக்காருங்க தம்பி. டீ போடறேன். அதுவரைக்கும் இதைப் பாருங்க" என்று சங்கின் கேமராவைக் கையில் கொடுத்தார். "அவர் எடுத்ததெல்லாம் இதுலயேதான் கிடக்கு."

கண்ணாடிக்கடைக்காரர் பட்டனை அழுத்தி ஒவ்வொன்றாக நகர்த்தினார். குள்ளச்சியும், அவளருகே குனிந்து லென்ஸ் துடைக்கும் இவரும். பெரியக்காவும், மழையில் கேமராவைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு தான் நனையும் இவரும். சின்னக்காவும், யாரையோ தள்ளச் சொல்லிக் கையை வீசும் இவரும். எல்லாவற்றிலும் அவர் சுண்டுவிரல் அளவில் இருந்தார். முதலில் தலையில் கருப்பாக முடி இருந்தது, பிறகு நரைத்தது, பிறகு உச்சியில் காணாமலே போயிற்று. தன் மனைவியிடமும் மகளிடமும்கூட இல்லாத தன் வாழ்க்கை இந்தச் சின்னத் திரைக்குள் இருந்தது.

அண்ணி டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "எல்லாத்துலயும் நீங்கதான் இருக்கீங்க. அதைப் பாத்துட்டுத்தான் உங்களுக்குப் போன் பண்ணினேன். அவர்கிட்ட நீங்க இவ்வளவு இருந்தா, உங்ககிட்ட அவர் எவ்வளவு இருப்பாருன்னு."

தயாராக வைத்திருந்த பொய்யைக் கண்ணாடிக்கடைக்காரர் விட்டுவிட்டார். அவர் டீயைத் தொடாமல், தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். வெட்டியதை, அழித்ததை, கல்யாண ஆல்பத்தை.

"ஒண்ணுகூடவா இல்ல?" என்று மட்டும் அண்ணி கேட்டார்.

கண்ணாடிக்கடைக்காரர் உறையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினார். அண்ணி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படகைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், கடைசியில் இடது ஓரத்துக்கு வந்தார். வெகுநேரம் அங்கேயே இருந்தார்.

"ஆள்காட்டி விரல்ல நகம் கருத்திருக்கு பாருங்க. லிஃப்ட் கதவுல மாட்டினது, அப்புறம் வெளுக்கவே இல்ல. எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசு. 'வலிக்குதா, வலிக்குதா'ன்னு நான் அழுவுறேன், அவர் என்னைப் பாத்துச் சிரிக்கிறாரு." பிறகு, முகத்தைத் தூக்காமலே கேட்டார்: "அப்ப மீதி இருந்த கையி, மூஞ்சி, அதெல்லாம் இதுக்கு இந்தப் பக்கம் இருந்துச்சு, இல்ல?" படத்தின் ஓரத்துக்கு வெளியே, மேசையின் வெறும் மரத்தின்மேல் விரலை வைத்திருந்தார்.

"ஆமா அண்ணி."

"சிரிச்சாரா?"

"ரொம்ப."

வேறொருவராக இருந்தால் திட்டியிருப்பார். திட்டியிருந்தால் இவருக்கும் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். அண்ணி எழுந்துபோய் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அவர் நின்ன இடத்தைக் காட்டுங்க. எத்தனையோ தடவை கூப்பிட்டாரு. படகுல என்ன இருக்குன்னு நான் போகவே இல்ல."

சங்கு இறந்த இந்த இரண்டு மாதத்தில் இவரும் அன்றைக்குத்தான் துறைக்கு வந்தார். வெயில் சாய்ந்திருந்தது. கார்கள் வரிசையில் நின்று சலித்துக்கொண்டிருந்தன. நடு ஆற்றில் ஒரு படகு வந்துகொண்டிருந்தது. நெளிவு கண்ணுக்கு எட்டாத தூரம். அவர் கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. வெறும் எஞ்சின் சத்தம்.

"இங்கதான் அண்ணி. இங்க இருந்து ஓடுவாரு."

அண்ணி அந்த இடத்தில் போய் நின்றார். பிறகு, யாரும் சொல்லாமலே, தண்ணீரை நோக்கிச் சில அடிகள் எடுத்துவைத்தார். படகு நெருங்கியது. நெளிவு தெரிந்தது, சின்னக்காதான். இரும்புப் பலகை கிறீச்சிட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தபோது கண்ணாடிக்கடைக்காரர் பையிலிருந்து தன் கேமராவை எடுத்துக் கண்ணுக்குக் கொண்டுபோனார். படகு முழுதாக நடுவில் அமர்ந்தது. இடது ஓரத்தில் அண்ணியின் தோளும் கைப்பையும் இருந்தன.

அண்ணி திரும்பிப் பார்த்தார். "நான் மறைக்கிறேனா தம்பி?"

"இல்ல அண்ணி. அங்கேயே நில்லுங்க."

எஞ்சின் இரைச்சலில் அது காதில் விழுந்ததோ இல்லையோ, அண்ணி ஓரடி தள்ளிப்போனார். இவர் கேமராவை அண்ணியோடு இடப்பக்கம் திருப்பினார். சின்னக்காவின் வலது முனை சட்டத்துக்கு வெளியே போயிற்று. இன்னும் மறைக்கிறோம்போலிருக்கிறது என்று அண்ணி மேலும் ஒதுங்கினார். இவர் மேலும் திருப்பினார். புகைக்குழாய் போயிற்று, மாலுமி அறை போயிற்று, இறங்கும் கார்களின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. படகுக்கு வழிவிட்டு, கூச்சத்தோடு சிரித்தபடி, அண்ணி துறையின் ஓரமாக நகர்ந்துகொண்டே இருந்தார்.