சைக்கிளில் வந்த கோவம்

மே தினம் வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்ததால் அன்புக்கரசிக்கு மூன்று நாள் லீவு. அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் சனிக்கிழமையையும் சேர்த்து அடைத்துவிட்டு, குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய்விட்டார். இவளைக் கூட்டிப்போகப் புருஷன் பொம்மையனுக்கு வசதியும் இல்லை, மனசும் இல்லை. ஆனால் வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது.

மகள் தமிழ்மதிக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபின் ஈரத்துணி காயப்போடத்தான் பயன்பட்டது.

"திங்கக்கெழம எடைக்குப் போடப் போறேன். ஆளுக்குச் சொல்லியாச்சு. எடத்த அடைச்சுக்கிட்டு!" என்றான் பொம்மையன். அவன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். வீட்டில் பாதியைக் கருகிப்போன மோட்டார்கள்தான் அடைத்துக்கொண்டிருந்தன. அதெல்லாம் அவன் கண்ணுக்குத் தெரியாது.

சைக்கிள் எடைக்குப் போவதற்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்போமே என்று வெள்ளிக்கிழமை காலையில் காற்றடித்துக்கொண்டு தாடிக்கொம்பு வரை போனாள். வேர்வையோடு பெருமாளைப் பார்ப்பானேன் என்று கோயிலுக்கு வெளியிலேயே கும்பிட்டு, ஒரு பன்னீர் சோடாவைக் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

சனிக்கிழமை காந்திகிராமம். உட்கார முடியாத அளவுக்குப் பின்பக்கம் வலித்தது. ஆனாலும் ஒரு பாலத்து இறக்கத்தில் மிதிக்காமல் விட்டபோது, நாற்பத்தோரு வயசுப் பொம்பளை நடுரோட்டில் "ஓ" என்று கத்தினாள். பின்னால் வந்த மினிபஸ் டிரைவர் மிரண்டுபோய் ஹாரன் அடித்தார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதை எவன் எடைக்குப் போடுகிறான் பார்ப்போம் என்று அங்கேயே முடிவு செய்தாள். செய்தாளே தவிர, அதைப் பொம்மையனிடம் சொல்ல வாய் வரவில்லை. இருபது வருஷமாக வராத வாய் ஒரே நாளில் வந்துவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை, கடைசி நாள், வேடசந்தூர் வரை போய்விடுவது என்று கிளம்பினாள். கேரியரில் ஒரு துணிப்பை. அதில் புளிச்சோறு, தண்ணீர், வேர்த்தால் மாற்றிக்கொள்ள ஒரு சுடிதார். பிறந்த ஊர் போகிற வழியில்தான். அண்ணன் வேலுசாமி வீட்டில் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று வண்டியை உள்ளே திருப்பினாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

ஊருக்குள் நுழையும்போதே பேச்சாயி சித்தி பார்த்துவிட்டாள். தனியாக ஒரு பொம்பளை, சிவந்த முகம், கேரியரில் துணிப்பை, பையிலிருந்து தொங்கும் துப்பட்டா. இதற்கு அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான் உண்டு. புருஷனோடு கோவிச்சுக்கிட்டு வந்துவிட்டாள்.

"ஏத்தா, ஓசி பஸ்ஸுல ஏறக்கூட நேரமில்லாமயா ஓடியாந்த?"

"சும்மா வந்தேன் சித்தி. சைக்கிள் ஓட்டணும்னு தோணுச்சு."

கோவிச்சுக்கிட்டு வருகிற எவளும் முதலில் சும்மா வந்தேன் என்றுதான் சொல்வாள். சித்தியே அப்படிச் சொல்லிக்கொண்டு நாலு தடவை வந்தவள்.

அன்புக்கரசி முகம் கழுவி மோர் குடிப்பதற்குள் அண்ணன் போன் போட்டுவிட்டார்.

"மாப்ளைட்ட கேட்டேன். 'சைக்கிளத் தூக்கிக்கிட்டு எங்கயோ போயிருக்கு, மூணு நாளா இதே பொழப்பு'ங்கிறாரு. மூணு நாளாவா ஓடப் பாத்த?"

ஒரு மணி நேரத்தில் பொம்மையன் பைக்கில் வந்து இறங்கினான். பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள், காபி கொடுத்தார்கள், யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"எங்க புள்ளைய என்ன சொன்னீங்க மாப்ள?"

"சத்தியமா ஒண்ணும் சொல்லல மச்சான். அன்பு, நீயே சொல்லு!"

சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை போதும், எல்லோரும் சிரித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். நாளைக்கு எடைக்காரன் தராசோடு வருவான்.

"உனக்கு என்னத்தா கொற? இன்னைக்கே பேசி முடிச்சிருவோம்," என்றார் அண்ணன்.

கல்யாணம் ஆனதிலிருந்து இந்தக் கேள்வியை அவளிடம் ஒருத்தரும் கேட்டதில்லை.

"சைக்கிள எடைக்குப் போடப் போறாராம்."

"இதுக்கா?" என்றாள் சித்தி.

"ஆமா. இதுக்குத்தான் கோவிச்சுக்கிட்டு வந்தேன்."

அண்ணனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். குடி, கூத்து என்று ஏதாவது பெரிதாக வரும் என்று காத்திருந்தார். ஆனாலும் பஞ்சாயத்து என்று உட்கார்ந்தாகிவிட்டது, தீர்ப்பு சொல்லாமல் எழுந்திருக்க முடியுமா? "சைக்கிள் வீட்டுலயே இருக்கட்டும் மாப்ள. ஞாயித்துக்கெழம புள்ள ஓட்டிக்கிரட்டும்." பொம்மையன் தலையாட்டினான். அந்த நேரத்தில் வீட்டையே எழுதித் தரச் சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பான்.

சமாதானம் ஆனால் புருஷன் வண்டியில் பின்னால் ஏறிப் போவதுதான் முறை. "சைக்கிள நான் ஆட்டோவுல ஏத்தி விடுறேன்," என்றார் அண்ணன். அவள் கேட்கவில்லை, சைக்கிளிலேயே கிளம்பினாள். பொம்மையன் பைக்கில் பின்னால் வந்தான். மெயின் ரோட்டுக்கு வந்ததும் வலப்பக்கம் திரும்பினாள்.

"ஏய், வீடு அங்கிட்டு!"

"தெரியும். நான் வேடசந்தூர் போயிட்டு வாரேன். நீங்க போங்க."

தனியாகத் திரும்பிப் போனால் மறுபடியும் போன் வரும். பொம்மையனும் அதே பக்கம் திருப்பி, பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தான். கொஞ்ச தூரம் போய்ப் பக்கத்தில் வந்து கேட்டான்.

"நெசமாவே கோவமா அன்பு?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தாள்.

"ஆமாங்க. ரொம்ப வருசமா இருக்கும்போல. இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு."

அவன் வேகத்தைக் குறைத்துப் பக்கத்திலேயே வந்தான். அவ்வளவு மெதுவாக வண்டி ஓட்டி அவனுக்குப் பழக்கமில்லை, இரண்டு தடவை இன்ஜின் அணைந்துபோனது. அவள் நிற்கவில்லை.