ஜன்னல் திட்டில் வைத்த பை

கிடங்கில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆமாஞ்சாமி என்றால்தான் தெரியும். முதலாளி வாயைத் திறக்கும் முன்பே இவன் தலை ஆடிவிடும். "மழை வரும்போல இருக்கே" என்று அவர் சொன்னால், வெயில் மண்டையைப் பிளந்தாலும் இவன் குடையைத் தேடப் போவான். அப்படிப்பட்டவனையும், அதே கிடங்கில் வேலை பார்க்கும் மீசையையும், முதலாளி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பிடக் கூப்பிட்டார். பெண்டாட்டிகளோடு வரச் சொன்னார். ஊரிலேயே உயரமான கட்டடம், அதன் உச்சியில் சுற்றும் ஹோட்டல், நடுவில் பார்.

எதற்கென்று இரண்டு பேருக்கும் தெரியும். குழாய், வாஷ்பேசின், கக்கூஸ் பீங்கான் என்று குளியலறைச் சாமான் விற்பவர் முதலாளி. ஊரின் மறுகோடியில் வேறொருவருடைய கடையை ஆட்களோடும் கிடங்கோடும் சேர்த்து வாங்கியிருந்தார். அதற்கு ஒரு மேனேஜர் வேண்டும். மேனேஜருக்குக் கடை மாடியிலேயே வீடு. இந்த இருவரில் ஒருவனுக்குத்தான் என்று கிடங்கெல்லாம் பேச்சு.

அந்த வீட்டுக்காக ஆமாஞ்சாமி எதையும் கொடுப்பான். மச்சான் வீட்டு மொட்டைமாடி அறையில், பெண்டாட்டி பிள்ளையோடு ஒண்டிக் குடித்தனம் அவனுக்கு. மச்சான் ஒரு வார்த்தை பேசமாட்டார்; அவர் பெண்டாட்டி பேசாத நாளில்லை. தண்ணீர் மோட்டார் போட்டால் ஒரு குத்தல், விளக்கு எரிந்தால் ஒரு குத்தல். "மாடிப்படி ஏறத் தெரிஞ்சவங்களுக்கு எறங்கத் தெரியல பாரு" என்று துணி காயப்போடும்போது காற்றிடம் சொல்வாள். ஆமாஞ்சாமியின் மனைவிக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருந்தது. தனக்கென்று ஒரு அடுப்படி, ஒரு கதவு, அதற்கு ஒரு தாழ்ப்பாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

புறப்படும்போது மகள் கேக் கேட்டாள். "அவ்ளோ ஒசரத்துல விக்கிற கேக் எப்படிம்மா இருக்கும்? எனக்குக் கொஞ்சம் கொண்டு வா." அம்மாக்காரி ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தன் பங்கைத் தின்னாமல் எடுத்து வருவதாக எண்ணம். இதில் என்ன தப்பு இருக்கிறது? பெற்றவள் யாரும் செய்கிற காரியம்தான்.

மேலே கண்ணாடிச் சுவரை ஒட்டி மேசை போட்டிருந்தார்கள். இருட்டத் தொடங்கிய நேரம். கீழே தெருத்தெருவாய் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. பாலத்தின் மேல் வண்டிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. மீசையின் மனைவி கண்ணாடியில் நெற்றி முட்ட எட்டிப் பார்த்து, "உங்க வீடு எங்கிருக்குன்னு தெரியுதா?" என்று கேட்டாள். "வீடு தெரியல. ஆனா எங்க அண்ணி திட்டறது இங்க கேக்கல, அதுவே சொர்க்கம்" என்றாள் இவள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஆமாஞ்சாமி மனைவியின் பை வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. நாற்காலியில் மாட்டினால் வருகிறவன் போகிறவன் கண்ணில் எல்லாம் படும். ஆகவே ஜன்னல் ஓரத் திட்டில், ஒரு பூஜாடிக்குப் பின்னால், அதை ஒளித்து வைத்தாள்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த ஹோட்டலில் சுற்றுவது தரை மட்டும்தான். மேசை நாற்காலி எல்லாம் தரையோடு நகரும்; கண்ணாடியும் ஜன்னல் திட்டும் கட்டடத்தோடு நிற்கும். திட்டில் வைத்த பொருள் வைத்த இடத்திலேயே கிடக்க, வைத்தவர்கள் சூப் குடித்துக்கொண்டே நகர்ந்து போய்விடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்? எல்லாம் சேர்ந்து சுற்றுகிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள். ஆமாஞ்சாமிக்கும் மீசைக்கும் தெரியும். ஹோட்டல் கக்கூஸுக்குக் குழாய் இறக்க வந்தபோது, ஒரு பெட்டிக் குழாயை இதே திட்டில் வைத்துவிட்டு, திருட்டுப் போய்விட்டதென்று இரண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்துத் தேடியவர்கள்தான். அந்தக் கதையை முதலாளி இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆகவே மனைவியின் கை திட்டை விட்டு விலகியதுமே ஆமாஞ்சாமி வாயைத் திறந்தான். அதற்குள் முதலாளி கண்ணடித்தார். ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து, அவனை ஒரு பார்வை, மீசையை ஒரு பார்வை பார்த்தார். ஆமாஞ்சாமியின் தலை தானாக ஆடியது. மீசை குனிந்து சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

சூப் முடிந்தது. முதலாளிக்கு பாரிலிருந்து இரண்டாவது கிளாஸ் வந்தது. பூஜாடி பின்னால், பின்னால் என்று போய், ஒரு தூணுக்கு அப்பால் மறைந்தது. முதலாளி அதையே பார்த்துப் பார்த்து ரசித்துக் குடித்தார். ஆமாஞ்சாமியும் பார்த்தான். உள்ளே ஏதோ அறுத்தது. இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மாடி வீட்டின் தாழ்ப்பாள் அவன் கண்ணுக்குள் மினுங்கிக்கொண்டிருந்தது. ஒரு பைதானே, எங்கே போய்விடும் என்று தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டான்.

மீன் வந்தபோது, மகள் சாப்பிட்டாளா என்று போன் பண்ண அவள் திரும்பினாள். பூஜாடியும் இல்லை, பையும் இல்லை.

"என்னங்க, என் பை? இங்கதான வச்சேன்?"

"நல்லா யோசிச்சுப் பாரு" என்றான் ஆமாஞ்சாமி. "சார் கார்லயே விட்டிருப்ப."

முதலாளி கிளாஸுக்குள்ளேயே குபுக்கென்று சிரித்தார். அடடா, அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பாவிக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. சும்மா இருந்தாலாவது பரவாயில்லை, இன்னும் ஒரு படி மேலே போனான். "இவ எப்பவுமே இப்படித்தான் சார். கழுத்து மேல தலை இருக்கான்னு காலைல நான்தான் பாத்துச் சொல்லணும்."

அவள் மேசைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு, தரையில் மண்டியிட்டு, முதலாளியின் பளபளத்த செருப்புக்கும் மீசையின் செருப்புக்கும் நடுவே கையை விட்டுத் துழாவினாள். அடுத்த மேசைக்காரர்கள் கரண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "போன் அதுலதாங்க இருக்கு, பாப்பா தனியா இருக்காளே" என்று மேசைக்கு அடியிலிருந்து அவள் குரல் வந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது அவளுக்கு. இடம், திசை எதுவும் பிடிபடவில்லை. சற்று முன் பார்த்த பாலம்கூட ஜன்னலில் இல்லை.

"வீட்லேருந்து எடுத்துட்டு வந்தியாம்மா? நல்லா ஞாபகம் இருக்கா?" என்று குனிந்து அக்கறையாகக் கேட்டார் முதலாளி. "ஏய்யா ஆமாஞ்சாமி, பை இருந்துச்சா என்ன?"

"நான் பாக்கல சார்" என்றான் ஆமாஞ்சாமி.

மீசை கரண்டியைத் தட்டில் வைத்தான். "தங்கச்சி, எந்திரிங்க. உங்க பை எங்கயும் போகல. நாமதான் நகந்துட்டோம். இங்க தரைதான் சுத்தும், அந்தத் திட்டு சுத்தாது. தூணுக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்க, வச்ச எடத்துல இருக்கும்."

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு கணம்தான். பிறகு சிரித்து, "ஒக்காரும்மா, நீ எதுக்கு நடக்கணும், அதுவே வரும்" என்று விரலைச் சொடுக்கினார். மூடி போட்ட பெரிய தட்டோடு சர்வர் வந்து நின்றான். ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார் போலிருக்கிறது. மூடியைத் தூக்கினால், தட்டின் நடுவில், ஊக்கு குத்திய வாரோடு அவள் பை.

கொடுத்திருந்தால் அத்தோடு போயிருக்கும். முதலாளி பையைத் திறந்து தட்டில் கவிழ்த்தார். போன், பல் போன சீப்பு, தலைவலித் தைலம், கைக்குட்டை, கடைசியில் அந்தப் பிளாஸ்டிக் டப்பா. அதை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். "காலியா இருக்கே. இது எதுக்கும்மா? மிச்சம் மீதிய வழிச்சிட்டுப் போறதுக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. சர்வர்கூடக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். முதலில் சிரித்தது ஆமாஞ்சாமி. முதலாளியின் நகைச்சுவை வீணாகிவிடக் கூடாதே என்று, பல் மொத்தமும் தெரிய, தொடையைத் தட்டிச் சிரித்தான். அதற்குப் பிறகுதான் முதலாளியே சிரித்தார். அவள் அழவில்லை. சீப்பையும் தைலத்தையும் ஒவ்வொன்றாய் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, புருஷன் முகத்தையே பார்த்தாள். அவன் சிரித்து முடிக்கிறவரை பார்த்தாள்.

"சரி, வந்த விஷயத்தச் சொல்லிடறேன்" என்றார் முதலாளி. "புதுக் கடைக்கு ஆமாஞ்சாமிதான் மேனேஜர். மீசை, உனக்கு நல்ல மனசுய்யா. நல்ல மனசு குடோனுக்குத்தான் லாயக்கு."

மீசை எழுந்து ஆமாஞ்சாமியின் கையைக் குலுக்கினான். பிறகு மனைவியோடு கை கழுவப் போனான். அவர்கள் தலை மறைந்ததும் முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு குடோனையும் ஒண்ணாக்கறேன். அந்தக் கடை ஆளுங்கள்ல பாதிப் பேர் வேண்டாம். இங்க மீசை வேண்டாம். நாளைக்குக் காலைல அவன்கிட்ட நீயே சொல்லிடு. உன் மொத வேலை அதுதான், சரியா?"

ஆமாஞ்சாமி பக்கத்தில் இருந்த மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிங்க சார்" என்றான். தலையும் ஆடியது.

மகிழ்ந்துபோன முதலாளி, தன் கையாலேயே டப்பாவில் கேக்கை அடைத்து, மூடியை அழுத்தி அவளிடம் நீட்டினார். "கொண்டு போம்மா, கூச்சப்படாத." அவள் வாங்கிக்கொண்டாள்.

முதலாளி பாரில் தங்கிவிட, நால்வரும் லிஃப்டில் இறங்கினார்கள். எண்கள் ஒவ்வொன்றாய்க் குறைந்துகொண்டிருந்தன. மீசைக்குத்தான் மனசு கேட்கவில்லை. "தங்கச்சி, நடந்தத மறந்துடுங்க. இனிமே உங்களுக்குன்னு ஒரு வீடு. யார் வாயும் கேக்க வேண்டாம்" என்றான். அவன் மனைவி இவள் தோளைத் தொட்டாள்.

இவள் டப்பாவைப் புருஷன் கையில் திணித்தாள். "பாப்பா கேட்டா நீங்களே குடுங்க. எப்படிக் கெடச்சதுன்னும் நீங்களே சொல்லுங்க." பிறகு மீசையின் பக்கம் திரும்பினாள். "அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

ஆமாஞ்சாமி அவள் எதிரே நகர்ந்து நின்றான். ஒரு கையில் கேக் டப்பா. மறு கையின் ஆள்காட்டி விரலைத் தூக்கி உதட்டில் வைத்தான். முதலாளி வைத்தாரே, அச்சாக அதேபோல.

அவள் அந்த விரலைப் பார்த்தாள். அடுப்படி, கதவு, தாழ்ப்பாள் எல்லாம் அவளுக்கும்தான் ஆசை. அவனைவிட அதிகமாகவே ஆசை. அந்த வீடு போனால் போகட்டும் என்று ஆசையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டாள்.

"என் பை எங்கன்னு நீங்கதான் சொன்னீங்கண்ணா. அதனால நானும் சொல்லிடறேன். நாளைலேருந்து உங்களுக்கு வேலை இல்ல. காலைல இவரையே சொல்லச் சொல்லியிருக்கார் மொதலாளி. இவர் சரின்னுட்டார்."

மீசையின் மனைவி கையை எடுத்துக்கொண்டாள். மீசை நம்பவில்லை. இத்தனை வருஷம் ஒரே கிடங்கில், ஒரே பாத்திரத்தில் டீ பங்கிட்டுக் குடித்தவனைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்படியாப்பா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான் ஆமாஞ்சாமி. பழக்கதோஷம், அதற்குள் தலை ஆடிவிட்டது. லிஃப்ட் கீழே போய்ச் சேர இன்னும் நிறைய மாடிகள் இருந்தன.