புத்தக பீரோவுக்கு வந்த சோதனை

தாளா, திரையா என்று சனிக்கிழமைக்குள் தீர்ப்பு வர வேண்டும். தாள் தோற்றால் எஸ்தர் டீச்சரின் புத்தக பீரோ காலி. அந்த இடத்தில் டேப்லெட்டுகளுக்குச் சார்ஜ் போடும் மேசை வரும். பீரோவில் இருப்பதெல்லாம் பதினோரு வருஷமாக வீடு வீடாகக் கெஞ்சி அவள் சேர்த்த கதைப் புத்தகங்கள்.

ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் ஒரு பாடத்தைத் திரையில் படித்தார்கள். மீதிப் பேர் அதையே தாளில் படித்தார்கள். பத்துக் கேள்வி. இரண்டு பக்கமும் சராசரி ஆறரை! தலைமை ஆசிரியர் சிட்டிபாபு கையைப் பிசைந்துகொண்டு, தீர்ப்புச் சொல்லப் பெற்றோர் சங்கத் தலைவர் பத்மராஜுக்கு ஆள் அனுப்பினார். அவர் முப்பது வருஷமாகப் பட்டுக்கடை வைத்திருப்பவர்.

பத்மராஜ் வந்ததும் டியூப்லைட்டைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இந்த வெளிச்சத்துல எந்தச் சரக்கும் நல்லாத்தாம்பா இருக்கும். புக்கு, டேப்லெட்டு ரெண்டையும் வாசலுக்கு எடுத்துக்கினு வா."

பட்டுப் புடவையைப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் இந்த ஊரில் யார் முடிவு சொல்வார்கள்? புத்தகத்தை வெயிலில் விரித்தார். தாளை விரலால் தேய்த்தார். முந்தானை பார்க்கிற பழக்கத்தில் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"என்னாமா, வெறும் வெள்ளையா இருக்குது?"

"பாடம் முடிஞ்சிடுச்சு சார்."

டேப்லெட்டை நீட்டிப் பிடித்தார். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. அவர் முகம்தான் தெரிந்தது. எஸ்தருக்கு உயிர் வந்தது. பத்மராஜோ மீசையை ஒதுக்கிக்கொண்டு, இடப்பக்கம் திரும்பி, வலப்பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"என்னா பளபளப்புப்பா! எழுத்து போனா போவுது. இதையே முடிச்சிடலாமா?"

"முடிச்சிடலாம் தலைவரே" என்று சிட்டிபாபு பேனாவைத் திறந்தார்.

எஸ்தரின் வீட்டுக்காரர் உதயகுமார் ஜவுளிக்கடையில் புடவை விரிக்கிறவர். அளவுக்கு மேல் விரித்துவிட்டால் வந்த ஆள் குழம்பிப் போய் எதையும் எடுக்க மாட்டார் என்பது அவருடைய அன்றாடப் புலம்பல். அது எஸ்தருக்கு இப்போது நினைவுக்கு வந்தது.

"சார், சித்த உக்காருங்க. எடுக்கணும்னு கட்டாயமில்ல. பாக்கறதுக்குக் காசா பணமா?"

வாசலில் ஜமக்காளத்தை விரித்தாள். பீரோ திறந்தது.

"இது சின்ன எழுத்து. இது படம் போட்டது. இது பச்சை அட்டை. இதுலயே அரக்கு இருக்குது, காட்டட்டா? டேப்லெட்லயும் எழுத்தைப் பெருசாக்கிக் காட்டறேன், இருங்க. கீர்த்தி, சாருக்கு மோர் எடுத்தாம்மா!" என்று வகுப்புப் பெண் ஒருத்தியை விரட்டினாள்.

அறுபத்து மூன்றாவது புத்தகத்தில் பத்மராஜ் நெற்றியைத் துடைத்தார்.

"மொதல்ல ஒண்ணு காட்டினியேமா, அது எது?"

"பச்சையா சார், அரக்கா?"

அவர் எழுந்து செருப்பைத் தேடினார். முப்பது வருஷமாகக் கடை வாசலில் கேட்டுக் கேட்டுப் பல்லைக் கடித்த வாக்கியம், அன்று அவர் வாயிலிருந்தே வந்தது.

"எல்லாத்தையும் தனியா எடுத்து வைம்மா. வூட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கினு வந்துடறேன்."

"மெதுவா வாங்க சார்."

சிட்டிபாபு திறந்த பேனாவோடு தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"சனிக்கிழமைக்குள்ள வந்துடுவாருல்ல?"

"எங்க வீட்டுக்காரர் கடையில அப்படிச் சொல்லிட்டுப் போன ஒருத்தர்கூட இதுவரைக்கும் திரும்பி வந்ததில்லையாம் சார்" என்ற எஸ்தர், புத்தகங்களை பீரோவில் அடுக்கத் தொடங்கினாள்.