கன்னத்தில் அடக்கியது

தாடையைக் கட்டத் தையல்நாயகி அத்தை அப்பாவின் வாயை அழுத்தி மூடியபோது இடது கன்னம் மட்டும் புடைத்து நின்றது. புனிதா விரலை விட்டுத் துழாவினாள். பாதி கரைந்த மஞ்சள் மாத்திரை.

"இன்னாடி அது?"

"ஒண்ணுமில்ல அத்த. நீ கட்டு."

காலையில் அவள்தான் கொடுத்தாள். தண்ணீர் குடித்தார், "ஆச்சும்மா" என்றார், மாட்டுக்கொட்டகைப் பக்கம் நடந்தவர் வழியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

அந்தக் குடும்பத்துக்கே வழிவழியாக மாலைக்கண். வயதாக ஆகப் பகலும் இருட்டிப்போகும். பார்வை மேலும் போகாமல் தடுக்கப் புது மருந்தை விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எம்.எஸ்ஸி. முடித்த கையோடு அப்பாவோடு சண்டை போட்டு அவரைச் சேர்த்தாள் புனிதா. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கே தெரியாது. தம்பி ஜெகதீசனுக்கும் கண் மங்கத் தொடங்கியிருந்தது. அவன் வரமாட்டேன் என்றான். மயிலத்தில் பெண் நிச்சயமாகியிருக்கிறது. கண்ணைப் பற்றி மூச்சு விடக் கூடாதாம்.

கொட்டகையில் அழுதுகொண்டிருந்தவன் முன் உள்ளங்கையை நீட்டினாள்.

"எத்தினி மாசமாடா?"

"நான் வேணான்னுதான் சொன்னேன்க்கா. வாயில அடக்கி எத்துக்கினு வரேன், நீ முழுங்குன்னாரு. பொங்கலுக்கு முன்னாலருந்து."

"அது மருந்துன்னு எவன்டா சொன்னான்? மாவா இருந்தா? எச்சி மாவத் தின்னுக்கினு மாப்பிள்ள ஆவப் போறியா?"

"கத்தாதக்கா. மயிலத்துக்காரங்க பந்தல்ல குந்திக்கினு இருக்காங்க."

போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ். அவளுக்குப் புனிதா முன்பே சாவுச் செய்தி சொல்லியிருந்தாள்.

"சாரி மேடம். கேக்கறதுக்கே கஷ்டமா இருக்கு. மாத்திரைய ஒழுங்கா சாப்ட்டாருங்களா?"

ஜெகதீசன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். 'சாப்ட்டாரு' என்றால் போதும், கல்யாணம் நடக்கும். அது நல்ல மருந்தாகவே இருந்தாலும், தேறாத அப்பாவின் கண்ணைக் காட்டி, மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதிவிடுவார்கள்.

"முழுங்கவே இல்லீங்க. என் தம்பி தின்னான். அவனுக்கும் அதே கண்ணு."

வழக்கம்போல உரக்கத்தான் சொன்னாள். பந்தலில் பேச்சு நின்றது.

"அவரை ஒடனே கூட்டிட்டு வாங்க மேடம். செக் பண்ணணும்."

"வருவான்."

உறவுக்காரர்கள் எல்லோரும் வந்து சேர்ந்து, பாடை கிளம்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஒலக்கூர் ரோட்டு முனையோடு பெண்கள் வழக்கப்படி நின்றுவிட்டார்கள். கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன ஜெகதீசன் வரப்பில் ஏறியதும் தடுமாறினான்.

"ஏய், பொம்பள நீ எங்கடி போற?" என்றாள் அத்தை.

புனிதா திரும்பவில்லை. தம்பிக்கு முன்னால் போய் நடந்தாள்.

"கல்லு இருக்குது. எடப்பக்கம் வா. பள்ளம்... தாண்டுடா."

பின்னால் மயிலத்துக்காரர்களில் ஒருவர் செல்போன் டார்ச்சைப் போட்டார். வெளிச்சம் ஜெகதீசன் முதுகில் விழுந்தது, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, பிறகு அவன் காலடிக்கு இறங்கியது.