இரண்டு வருஷ விலை

பஞ்சு சுற்றிய குச்சியைத் தண்ணீரில் தோய்த்து அப்பாவின் உதட்டில் ஒற்றினாள் டோரீன். எமில் ஹுடாக் அதைச் சப்பவில்லை. நேற்றுவரை குழந்தைபோலச் சப்பியவர். இன்று தண்ணீர் வாயோரம் வழிந்து தலையணையில் இறங்கியது. அவள் துண்டால் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, சமையலறைக்கு அப்பால் கார் ஷெட்டில் மடக்கு நாற்காலிகளை யாரோ தடதடவென்று விரித்தார்கள். கிழவரின் கண்கள் மெல்லத் திறந்தன.

"வந்துட்டானுங்களா?"

"வந்துட்டாங்கப்பா."

"கதவைத் திறந்து வை. எனக்குக் கேக்கணும்."

சாப்பாட்டு மேஜை இருந்த இடத்தில்தான் இப்போது அவருடைய இரும்புக் கட்டில் கிடந்தது. மருத்துவமனையிலிருந்து அனுப்பி வைத்த கட்டில். இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது கூடவே வந்தது. வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் யோலாண்டா மத்தியானம் நாடி பிடித்துவிட்டு, டோரீனை வாசல்வரை கூட்டிக்கொண்டு போனாள்.

"எப்பவோ போயிருக்கணும். எதுக்கோ பிடிச்சு வெச்சிட்டிருக்கார். சிலர் மகன் வரட்டும்னு இருப்பாங்க. சிலர் பேத்தி கல்யாணத்துக்கு. இவருக்கு என்ன?"

டோரீனுக்குத் தெரியும். சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

"இன்னிக்கு டிராஃப்ட்" என்றாள்.

யோலாண்டா சிரிக்கவில்லை. அவளும் ஏரிக்கரை ஊர்க்காரிதான். "ஓ" என்று மட்டும் சொல்லி, டோரீனின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

அந்த ஊரில் இலையுதிர் காலமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அமெரிக்கக் கால்பந்தில் தோற்பார்கள். ஹெல்மெட் போட்ட நம் பையன்களை எதிரணிப் பையன்கள் மண்ணில் புரட்டி எடுப்பார்கள். குளிர்காலம் முழுக்க அதைப் பேசிப் பேசி வயிறெரிவார்கள். ஏப்ரல் கடைசியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் எல்லோர் முகத்திலும் ஒரு களை வரும். கல்லூரிகளில் ஆடி முடித்த பையன்களை நாட்டிலுள்ள அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் நாள் அது. எவன் மோசமாகத் தோற்றானோ அவனுக்கு முதல் முறை. வரிசையில் முன்னால் போக ஆசைப்பட்டால் போகலாம். ஆனால் முன்னால் இருப்பவனுக்கு விலை கொடுக்க வேண்டும். காசு செல்லாது. தன் முறையைக் கொடுக்கலாம், அடுத்த வருஷத்து முறையைக் கொடுக்கலாம், அதற்கும் அடுத்ததைக் கொடுக்கலாம். இன்னும் பிறக்காத கன்றை விற்பதுபோல.

இந்த வருஷம் நம் அணிக்கு எட்டாவது முறை.

எமில் ஆசைப்பட்ட பையன் எட்டு வரைக்கும் தங்கமாட்டான். மலாக்கை டோபின். ஐயோவாவில் பண்ணை வீட்டுப் பையன், கதவளவு உடம்பு. பந்தை எறிகிறவனுக்கு முன்னால் நின்று, அவன்மேல் ஒருவனும் விழாமல் தடுப்பதுதான் வேலை. பேப்பரில் படம் வராது, பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. இரும்பாலையில் உலைகளுக்குள் இறங்கிச் சூளைச் செங்கல் அடுக்கியே முதுகு வளைந்த எமிலுக்கு அப்படிப்பட்டவன்தான் வேண்டும்.

"வருஷா வருஷம் எறியறவனையே எடுக்கறானுங்க. அவனை நிக்க வைக்க முதல்ல சுவர் எழுப்புங்கடா! சுவரில்லாம கூரை போடறானே, இவனுங்களைப் பெத்தாங்களா செஞ்சாங்களா?" என்று ஏப்ரலுக்கு ஏப்ரல் ஷெட்டில் உட்கார்ந்து கத்துவார். போன வருஷமும் கத்தினார். போன வருஷமும் அவர்கள் எறிகிறவனையே எடுத்தார்கள். அவன் மூன்றாவது ஆட்டத்தில் தோள்பட்டை முறிந்து படுத்தான்.

ஷெட்டுக்கு வெளியே இதையெல்லாம் அவர் பேசியது மகன் டுவைனிடம்தான். டுவைன் வேறு ஊருக்குப் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு தடவை கல்யாணம் முறிந்தது, ஒரு தடவை வேலை போனது. அப்பா அதையெல்லாம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் போன் வரும். "அந்தச் சோம்பேறியை வித்துட்டு எவனை வாங்கலாம், சொல்லு?" ஒரு மணி நேரம் பேசுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கால் வீக்கத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் டோரீனிடம், நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் அதற்கு ஏங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இன்று அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அறுபது வருஷமாகத் தோற்றதையே கேட்டுக் கேட்டுச் சலித்த அந்தக் காதில் ஒரு நல்ல சேதி விழ வேண்டும். அதோடு அவர் போகட்டும்.

அவள் ஷெட்டுக்குப் போனாள். பாதி ஏற்றிய கதவு வழியாக ஏரிக் காற்று வீசியது. வழக்கம்போல ஆறேழு பேர் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எமிலின் பச்சை நாற்காலி விரித்தபடி காலியாகக் கிடந்தது. தெருமுனையில் முடிதிருத்துகிற ஸ்டெஃப்கோ ஹாட் டாக்கைக் கடித்துக்கொண்டே ஆட்டிப் பேசினான்.

"நான் சொல்றேன் கேளு. நாம கீழ இறங்குவோம். எட்டைக் குடுத்துட்டு ரெண்டு சில்லறை முறை வாங்கிட்டு வருவோம். நம்ம முதலாளி புத்தி அது."

"உன் வாயில கடுகைத் தடவ. மேல ஏறுவோம்டா. இந்தத் தடவை ஏறுவோம்" என்றார் லோமாக்ஸ். எமிலோடு ஒரே உலையில் வேலை பார்த்தவர். கறுத்து உயர்ந்த, கோயில் தூண் போன்ற உடம்பு. "என்ன பாப்பா, எப்படி இருக்கான்?" டோரீனுக்கு ஐம்பத்துநாலு வயது. அவருக்கு இன்னும் பாப்பாதான்.

"மிஸ்டர் லோமாக்ஸ், ஒரு உதவி. எல்லாரும் கேளுங்க. கதவைத் திறந்து வைக்கச் சொல்றார். டிவி சொல்றது அவர் காதுக்கு எட்டாது, நீங்க போடற சத்தத்துலதான் அவருக்குத் தெரியும். டோபினை வேற எவனாவது எடுத்துட்டா..." "நமக்குக் கெடைச்ச மாதிரி கத்துவீங்களா?"

ஸ்டெஃப்கோ தலையைச் சொறிந்தான். "சந்தோஷத்துல கத்தறதா? பழக்கமில்லையேம்மா."

"பழகிக்கடா" என்றார் லோமாக்ஸ்.

டுவைன் குளிர்பெட்டியின் பக்கத்தில் நின்றிருந்தான். காலையில்தான் காரோட்டி வந்து சேர்ந்தவன், அப்பாவின் கட்டிலருகே பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியாமல் ஷெட்டுக்கும் அறைக்குமாக அலைந்துகொண்டிருந்தான். அவளைத் தனியாகச் சமையலறைக்கு இழுத்தான்.

"அவர்கிட்ட எதுல வேணா பொய் சொல்லியிருக்கேன் டோரீன். இதுல சொன்னதில்லை."

"இன்னிக்குச் சொல்லு."

"கண்டுபிடிச்சிடுவார்."

"கண்டுபிடிக்க நாளைக்கு இருக்கணுமே. போய் பக்கத்துல உக்காரு."

அவன் உட்கார்ந்தான். டோரீன் சமையலறை வாசலில், இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் நின்றாள். ஷெட்டுத் தொலைக்காட்சியில் முதல் பெயர் வந்தது. எறிகிற பையன் ஒருவன், தெற்கத்திக்காரர்கள் எடுத்தார்கள். எமிலின் விரல்கள் போர்வையை நெருடின. இரண்டாவது முறை. அட்டையைப் பிரித்து வாசிக்கும் மனிதர் மேடைக்கு வந்தார்.

மலாக்கை டோபின். எடுத்தது மேற்குக் கடற்கரை அணி.

ஸ்டெஃப்கோவின் முகம் அழப் போவதுபோலக் கோணியது. டோரீன் கையை உயர்த்தினாள். லோமாக்ஸ் எழுந்து நின்று கூரை அதிரக் கத்தினார். பின்னாலேயே மற்றவர்களும் கத்தினார்கள். ஒருவன் நாற்காலியைத் தட்டினான், ஒருவன் விசிலடித்தான். சுரம் சேராத சத்தம். கல்யாண வீட்டுக்கு வழி தவறி வந்த ஒப்பாரிக்காரர்களைப்போல இருந்தார்கள். ஆனாலும் கத்தினார்கள்.

கட்டிலில் எமில் கண்ணைத் திறந்தார்.

"யாரு?"

டுவைன் அவர் காதருகே சாய்ந்தான். "டோபின்ப்பா. நாம மேல ஏறிட்டோம். ரெண்டாவது இடத்துக்கு."

"டோபினா? நமக்கா?"

"நமக்குத்தான்."

அந்த முகத்தை டோரீன் அதுவரை பார்த்ததில்லை. அம்மா இருந்தபோதுகூடப் பார்த்ததில்லை. உலர்ந்த உதடு விரிந்து, பல்லில்லாத ஈறு தெரிய, எழுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு பையன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். இது போதும் என்று அவள் நினைத்தாள். கடவுளே, இதோடு போதும்.

ஆனால் எமிலின் நெற்றி மெதுவாகச் சுருங்கியது. செங்கல் விலையும் சுண்ணாம்பு விலையும் மனசுக்குள்ளேயே போட்டுப் பார்க்கும் சுருக்கம்.

"என்ன குடுத்தாங்க?"

டுவைனின் தலைக்குப் பின்னாலிருந்து டோரீன் கையை ஆட்டினாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லேன்.

"டுவைன். எட்டுலேருந்து ரெண்டு. சும்மா விடமாட்டான். என்ன குடுத்தாங்க?"

"இந்த எட்டு. அப்புறம்... அடுத்த வருஷத்து முதல் முறை."

"அப்புறம்?"

டுவைன் குனிந்து தன் கைகளைப் பார்த்தான். "அதுக்கடுத்த வருஷத்ததும்."

எமிலின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை, கணக்கு மட்டும் ஓடியது. ஷெட்டில் இன்னும் ஒருவன் தனியாக விசிலடித்துக்கொண்டிருந்தான். பிறகு, திறந்த கதவு வழியாக இந்தப் பேச்சைக் கேட்டு, அவனும் நிறுத்திவிட்டான்.

"ரெண்டு வருஷத்தையும் வித்துட்டானுங்களா?"

"ஆமாப்பா."

"சுவர் இருக்கும்" என்றார் எமில். கண்ணை மூடினார். "வீடு இருக்காது."

அதற்குப்பின் அவர் பேசவில்லை. அன்று ராத்திரி மூச்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விடிந்து, டோரீன் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தபோது அதுவும் இல்லை. நெற்றிச் சுருக்கம் அப்படியே இருந்தது. அவள் கட்டைவிரலால் அதை நீவினாள். போகவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் அழுத்தி நீவினாள்.

டுவைன் வாசற்படியில் நின்றிருந்தான்.

"சும்மா கெடைச்சதுன்னு சொல்லியிருக்கக் கூடாதாடா?" அவள் திரும்பாமலே கேட்டாள்.

"சும்மா எதுவும் கெடைக்காது டோரீன். சும்மான்னு சொல்லியிருந்தா அந்த நிமிஷமே பொய்னு தெரிஞ்சிருக்கும்."

"ஒரு வருஷம்னாவது சொல்லியிருக்கலாமே."

டுவைன் தனக்கே கேட்காத குரலில், "அதுதான் விலை" என்றான்.

சமையலறையில் தண்ணீர் கொதித்துச் சத்தமிட்டது. யாரும் போய் இறக்கவில்லை.

திங்கட்கிழமை அடக்கம். மண்ணில் இன்னும் குளிர் இறுகிக் கிடந்தது. பாதிரியார் சுருக்கமாக முடித்தார். பிறகு எல்லோரும் எமிலின் முன்னோர் நாட்டவருக்கான ஸ்லோவாக் சங்கக் கூடத்துக்கு வந்தார்கள். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியும் அரிசியும் சுருட்டி வேகவைத்த தட்டுகள் நீள மேஜைகளில் ஆவி விட்டன. ஒரு மூலையில் பூவுக்கு நடுவே எமிலின் போட்டோ. ஆலையில் இருந்த காலத்துப் படம், கண்ணைச் சுருக்கி நேராகப் பார்க்கிறார். எதிர்ச் சுவரில் ஒலியை அடைத்துவிட்ட தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

முதல் தட்டு காலியாகும்வரை எமிலைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாவது தட்டில் பேச்சு தானாகத் திரும்பியது.

"எட்டாவதுல மறுபடியும் ஒரு எறியறவன்! இவனுக்கு எந்த எலும்பு முதல்ல ஒடியும், பந்தயம் கட்டறீங்களா?"

"விடுடா. இந்த வருஷம் நிச்சயமா கடைசியில நிப்போம். அடுத்த ஏப்ரல்ல முதல் முறை நமக்குத்தான். ஓஹையோல ஒரு பையன் இருக்கான், பேர் எழுதி வெச்சுக்கோ..."

லோமாக்ஸ் கையமர்த்தினார். டோரீன் பக்கம் திரும்பினார். "எமில் நாற்காலி காலியாயிருக்கு. இனி நீ சொல்லு பாப்பா. அடுத்த வருஷம் யாரை எடுக்கலாம்?"

அவளை அந்தக் கேள்வி யாரும் கேட்டதில்லை. முள்கரண்டியைக் கீழே வைத்தாள். எத்தனையோ பெயர்கள் அவளுக்குத் தெரியும். தைலம் தேய்த்துக்கொண்டே இருபது வருஷம் கேட்டவள்.

"அடுத்த வருஷம் நம்மகிட்ட ஏது?" என்றாள். "குடுத்துட்டோமே."

ஸ்டெஃப்கோ எதையோ சொல்ல வாயெடுத்து, தட்டைப் பார்த்துக்கொண்டான்.

"ஆமா" என்றார் லோமாக்ஸ். "குடுத்துட்டோம்."

"அதுக்கடுத்ததையும்" என்றான் டுவைன்.

எதிர்ச் சுவரில் வியாழக்கிழமை டிராஃப்டை மறுபடி காட்டினார்கள். கதவளவு உடம்புள்ள ஒரு பையன், வேறொரு ஊரின் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். அவன் அம்மா எக்கி நின்று அதை நேராக்கினாள்.

லோமாக்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். காப்பிக்குப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் போகவில்லை. போட்டோவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில், திரைக்கு முதுகைக் காட்டிக் காலை அகட்டி நின்றுகொண்டு, முட்டைக்கோஸ் சுருளை நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார்.